ஓடாத வரைக்கும் நல்லது

கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்துகள் மளமளவென்று இறங்கி வந்து நின்றன. பிரேக் சாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

கம்ப்யூட்டரில் சிவப்பாக எதையாவது பார்த்தால் மற்றவர்கள் பதறிப்போவார்கள். இவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புதான், ஆரஞ்சு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, பிஸியா இருக்கியா?"

"இல்லப்பா, சொல்லுங்க."

"மறுபடியும் சிவப்பா வந்திருச்சும்மா."

"அச்சச்சோ. சரி, கடைசி வரியைப் படிங்க."

அவர் படித்தார். தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி வந்தால் புள்ளி, இடைவெளி வந்தால் இடைவெளி என்று ஒன்று விடாமல் படித்தார். அந்த ஒரு வரி முடிவதற்குள் அவருடைய மனைவி துணி உலர்த்திவிட்டு வந்து, ஆரம்பித்தாயிற்றா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் அவர் கால் எப்போதும் இருந்ததால் மாணவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் சார். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், கால் இன்னும் ஓய்வு பெறவில்லை. டிவியில் கார் வேகமாகப் போனால்கூட சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை அழுத்துவார்.

மகள் விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுவாள். கூப்பிடுவது அம்மாவின் போனுக்கு. தாயும் மகளும் ஒரு வாளியின் கைப்பிடி உடைந்ததைப் பற்றியே அரை மணி நேரம் பேசக்கூடியவர்கள். பேசி ஓய்ந்த பிறகு போன் அப்பாவின் கைக்கு வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா. நீங்க?"

"ம். வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போகுதுப்பா."

"சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்."

வருஷக்கணக்காக இதுதான் வசனம். ஒரு வார்த்தை கூடியதில்லை, ஒரு வார்த்தை குறைந்ததும் இல்லை. வாரம் முழுவதும் அவர் விஷயம் சேர்த்து வைப்பார். எதிர்வீட்டுக்காரர் புதுக் காரை ஓட்டிவந்து தன் வீட்டுக் கேட்டிலேயே மோதியதைச் சொல்ல வேண்டும், இடது முழங்கால் படிக்கட்டில் மட்டும் வலிப்பதைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒத்திகை பார்ப்பார். போன் கைக்கு வந்ததும் எல்லாம் காற்றில் போய்விடும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய தொட்டிச் செடிக்கு மறுபடியும் ஊற்றிக்கொண்டு, மனைவியின் காதோரத்திலிருந்து கசியும் மகளின் சிரிப்பைக் கேட்டபடி நிற்பார். அந்தச் செடி அழுகியே செத்துப்போனது.

அவருக்கு மகளோடு பேச ஆசை. அவ்வளவுதான். எப்படிப் பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

அவர்கள் இருவரும் கடைசியாக நிறையப் பேசியது, அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த ஒரு கோடை விடுமுறையில்தான். கிளட்சை விடு, மெதுவா, கண்ணாடியைப் பாரு என்று ஆரம்பித்த பேச்சு, சிக்னலில் நிற்கும்போது அவள் வகுப்பு, தோழிகள், பயம், கோபம் என்று எங்கெங்கோ போகும். லைசென்ஸ் வந்தது, பேச்சு நின்றது. நடுவில் ஒரு வேலை இருந்தால்தான் சிலருக்கு வாய் திறக்கும். அப்பாவும் அப்படி, மகளும் அப்படி. ரத்தம் வேறு எங்கே போகும்?

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள் மகள் போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். அவர்கள் கம்பெனியில் பிளாக்செயின் என்று ஒன்று செய்கிறார்களாம். அதை யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரில் நிறுவி, எழுதிப் பார்க்க, ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளலாமாம். அந்த ஏற்பாட்டுக்கு டெவலப்மென்ட் என்விரான்மென்ட் என்று பெயராம். சமைப்பதற்கு முன்னால் அடுப்படியைத் தயார்செய்வது மாதிரி. அதற்கான வழிமுறைகளை இவள்தான் எழுதியிருக்கிறாள். "எங்க அப்பா மாதிரி ஒருத்தர் அதைப் படிச்சு ஓட்டிட்டா, உலகத்துல யார் வேணா ஓட்டிடுவாங்கன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன்பா" என்று சொல்லிச் சிரித்தாள்.

மகள் சிரிப்புக்காகச் சொன்னாள். பிரேக் சார் அதை வேலை நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தார்.

பிளாக்செயின் என்றால் என்னவென்று மனைவிக்கு விளக்கவும் முயன்றார். ஒரே விஷயம் எல்லார் வீட்டிலும் பதிவாகிவிடும், ஒருவர் மாற்றிச் சொன்னால் மற்ற எல்லாரும் காட்டிக்கொடுத்துவிடுவார்கள், ஒரு தடவை பதிவானது ஜென்மத்துக்கும் அழியாது என்றார்.

"இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு? எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே" என்றாள் மனைவி.

முதல் நாள் வேலை, அந்தக் கறுப்புத் திரையைத் திறப்பதோடு முடிந்தது. இரண்டாவது வேலை, ஏதோ ஒரு கருவியை நிறுவுவது. அவர் போட்டது புத்தம் புதிய வெர்ஷன். மகளுடைய மென்பொருளுக்குப் பழையதுதான் ஒத்துவருமாம். புதியதை எடுத்துவிடுங்கள் என்றாள். எது புதியது என்று தெரியாமல், சமீபத்தில் வந்த மாதிரித் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டார். அதோடு பிரிண்டரும் படுத்துக்கொண்டது. மனைவி தைக்கும் சட்டைகளுக்கான அளவுப் படங்கள் அதில்தான் அச்சாகும். அன்றிலிருந்து அவள் பழைய செய்தித்தாளில் கையால் வரைந்து வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்தது.

அடுத்தது, இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. எதையாவது அழிக்க வேண்டும். பெரிதாக இருந்த ஒரு ஃபைலைப் பார்த்தார். பெயரே இல்லாமல் எண்களாக இருந்தது. அழித்தார். மனைவியின் அக்கா மகளுடைய கல்யாண வீடியோ அது. விஷயம் தெரிந்தபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வேறு எதுவுமே சொல்லவில்லை. கடைசியில் மகள்தான் போனில் சமாதானம் செய்து வைத்தாள். "விடும்மா, அதுல நாம ரெண்டு பேருமே நல்லா இருக்க மாட்டோம்" என்றாள்.

அப்புறம் வைரஸ் தடுப்புக் காவலன், மகளின் மென்பொருளைத் திருடன் என்று நினைத்துப் பிடித்து வைத்துக்கொண்டது. காவலனை அணைத்தார். நிஜத் திருடர்கள் உள்ளே வந்தார்கள். எதைத் திறந்தாலும் முடி கொட்டாமல் இருக்க ஓர் எண்ணெய் விளம்பரம் வந்தது. சாருக்குக் கொட்டுவதற்கு முடி இருந்தால்தானே. லேப்டாப் கொதித்தது, வீட்டின் ஒரே மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். மனைவி வியர்த்து வழிய, லேப்டாப் குளுகுளுவென்று இருந்தது.

ஆரம்பத்திலேயே மகள் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். அங்கிருந்தபடியே அவருடைய திரையைத் தன் கைக்குள் எடுத்து, மொத்தத்தையும் ஒரு நொடியில் முடித்துத் தந்துவிடலாமாம். பிரேக் சார் கறாராக மறுத்துவிட்டார்.

"கத்துக்கிறவன் ஓட்டும்போது வாத்தியார் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வாயால சொல்லணும், அவ்வளவுதான். நான் உன் ஸ்டியரிங்கைத் தொட்டேனா?"

"தொடலைப்பா. அந்த லாரிக்காரன் திட்டினப்போகூட நீங்க தொடலை."

"அப்புறம்?"

கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் உண்மைக் காரணம் கொள்கை இல்லை. ஒரு நொடியில் முடிந்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்? மகளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

டவுன்லோடு ஆகும் நேரம்தான் அவருடைய பொற்காலம். திரையில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து போகும். அது போய்ச் சேரும்வரை இருவருக்கும் வேலை இல்லை, போனை வைக்கவும் முடியாது. முதலில் சும்மா இருந்தார்கள். பிறகு மகள் தன் அறை ஹீட்டர் கடகடவென்று சத்தம் போடுவதைச் சொன்னாள். பக்கத்து சீட்டுத் தமிழ்த் தோழி தன் காபிக் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்துவிடுகிறாள் என்றாள். அவர், எதிர்வீட்டுக்காரர் கேட்டில் மோதிய கதையைச் சொன்னார். மகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போன குளிர்காலத்தில் தனக்குக் கடும் காய்ச்சல் வந்து தனியாகக் கிடந்ததை, அம்மாவிடம் சொல்லாதீங்க என்ற நிபந்தனையோடு சொன்னாள். அவர் கோடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தார். முக்கால்வாசி தாண்டியிருந்தது. மேசைக்கு அடியில் அவருடைய கால் தன்பாட்டுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தால் யாருக்கு என்ன கஷ்டம்? ஆனால் ஒருநாள் அது ஓடிவிட்டது.

எந்த முன்னறிவிப்பும் இல்லை. மகள் சொன்ன கமாண்டை அடித்தார், என்டரைத் தட்டினார், வரிவரியாகப் பச்சை வந்தது. மகளின் கம்ப்யூட்டரும் இவருடைய கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று கண்டுகொண்டு பேச ஆரம்பித்துவிட்டன.

"சூப்பர்ப்பா. இனிமே நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். அப்படியே ஓடட்டும்" என்றாள் மகள். குரலில் அவ்வளவு உற்சாகம் இல்லை. களைப்பாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்போ வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லப்பா."

அவர் மேசை விசிறியை மனைவியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்."

அடுத்து வந்த நாட்களில் பிரேக் சார் லேப்டாப் முன் உட்கார்ந்து பச்சை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கம்ப்யூட்டர்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அவருக்குப் பொறாமையாக இருந்தது. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்று சாப்பாட்டு வேளையில் மனைவியிடம் புலம்பினார். அவள் இன்னொரு கரண்டி போட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு ஃபைலைத் திறந்து அதிலிருந்த ஒரே ஒரு கமாவை எடுத்துவிட்டார். சேமித்தார். ஓட்டினார்.

சிவப்பு.

அன்றைக்கு மகளோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கமா எங்கே தொலைந்தது என்று அவள் வரிவரியாகத் தேட, அவருக்குத் தெரிந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

வாழ்நாளெல்லாம் விபத்தைத் தடுத்த மனிதர் இப்போது விபத்து செய்வதில் தேர்ந்தவரானார். ஒருநாள் ஓர் எழுத்தை மாற்றுவார். ஒருநாள் ஒரு ஃபோல்டரின் பெயரைத் திருப்பி எழுதுவார். சில நாட்களில் அவர் கை வைக்காமலேகூடச் சிவப்பு வந்தது. அந்த நாட்களில் லேப்டாப்பின் மூடியைத் தடவிக்கொடுத்து, நீயாவது என் மனசைப் புரிந்துகொண்டாயே என்றார். எவ்வளவு கெட்டாலும் மகள் சலித்துக்கொள்ளவில்லை. அவளுடைய பொறுமையைப் பார்த்து, பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று பூரித்துப்போனார்.

ஆசை அளவோடு நின்றதா? நிற்கவில்லை. நீண்ட நேரம் பேச வேண்டுமானால் பெரிதாகக் கெட வேண்டும் என்று, ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரின் தேதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்தார். பிளாக்செயின் மட்டும் நிற்கும் என்று நினைத்தார். மொத்தமும் நின்றது. எதிர்காலத்திலிருந்து வரும் ஆசாமியை எந்த இணையதளமும் உள்ளே விடவில்லை. மனைவி எப்போதாவது மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அந்த லேப்டாப்பில்தான், அதுவும் போயிற்று. பயந்துபோய்த் தேதியைத் திருப்பினார். அவசரத்தில் போன வருஷத்துக்குத் திருப்பிவிட்டார். இனி நேர்மையாகச் சரிசெய்துவிடுவோம் என்று தானாகவே ஏதோ கமாண்ட் அடித்தார். நிச்சயமா என்று திரை ஒரு முறை கேட்டது, ஆமாம் என்றார். மொத்த ஃபோல்டரும் போய்விட்டது.

மகளிடம் விஷயத்தைப் பாதி மென்று பாதி விழுங்கிச் சொன்னார். என்னால் உங்கள் வேலை தாமதமாகிறதா என்றும் கேட்டார். அவள் சிரித்தபடியே பதில் சொன்னாள்.

"பின்ன? உங்க மெஷின்ல ஓடாம எப்படிப்பா வெளியிடறது? எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். மறுபடி முதல்லேருந்து போடலாம், அவசரமே இல்ல."

போனை வைத்தவர் லேப்டாப்பை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். மனைவி வெட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்றா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கமாவிலிருந்து ஆரம்பித்தார். மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள், கோபப்படவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பேசணும்னா பேச வேண்டியதுதானேங்க. அவ வேலைக்கு ஏன் உலை வைக்கிறீங்க?"

"என்ன பேசறது?"

அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு கம்பெனி முழுவதும் ஓர் அப்பாவின் கமாவுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதாக நினைத்துப் பார்த்தார். மேனேஜர் மகளைக் கூப்பிட்டு, உன் அப்பாவால்தான் எல்லாம் என்று கத்துவதாக நினைத்துப் பார்த்தார். உள்ளதைச் சொல்லிவிட்டால் இனி மகளோடு பேச்சு இல்லை. சொல்லாவிட்டால் மகளுக்கு வேலை இல்லை. காலம் முழுக்கப் பிரேக் போட்டவர், ஒரு பிரேக்காவது சரியான நேரத்தில் போட வேண்டாமா? மகளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. மேனேஜரிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மகள் எப்போதோ கொடுத்திருந்த ஆபீஸ் எண்ணுக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள். மகள் வெளியே சாப்பிடப் போயிருக்கிறாள், தான் பக்கத்து சீட்டு என்றாள்.

"காபிக் கோப்பையா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அங்கிளா?" என்றாள் அவள் உடனே. "சொல்லுங்க அங்கிள்."

"உங்க மேனேஜர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா."

அவர் மீட்டிங்கில் இருக்கிறார், என்னிடம் சொல்லுங்கள் என்றாள். பிரேக் சார் எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை. கமாவைச் சொன்னார், ஃபோல்டரைச் சொன்னார், தேதியைச் சொன்னார். மகள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை, அது எப்போதோ ஓடிவிட்டது, ஓடியதை ஓடவிடாமல் செய்தது தான்தான் என்றார். இன்றே லேப்டாப்பை மூடிவிடுகிறேன், எனக்காகக் காத்திருக்காமல் வெளியிட்டுவிடுங்கள் என்றார். அவள் மேல் மட்டும் எந்தக் குறையும் வைத்துவிடக் கூடாது என்று கெஞ்சினார்.

"ஏன் அங்கிள் அப்படிச் செஞ்சீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி பின்னால் வந்து நிற்பது தெரிந்தது.

"அது ஓடிட்டா அவ போனை வெச்சுடறாம்மா. எனக்கு அவ குரலைக் கேக்கணும் போல இருக்கும். சும்மா கூப்பிட்டா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. பாவம், அவளுக்கும் தெரியல. அதான்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அங்கிள், அந்த ப்ராஜெக்டை மூடி ரொம்ப நாளாச்சு" என்றாள் அவள் மெதுவாக. "உங்க கம்ப்யூட்டர் கேட்டா பதில் சொல்றதுக்குன்னே அவ இங்க ஒரு மெஷினை அணைக்காம வெச்சிருக்கா, நீங்க கூப்பிடாத நாள்ல அதுல எதையாவது அவளே கெடுத்துவிட்டுட்டு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா."